பயூமியும் பெயர்க் கட்டமும்

எங்கள் ஊர் ஆம்புலன்ஸில் பயூமி வேலை பார்த்த இருபத்துநாலு வருஷத்தில் ஒரு நோயாளிக்குக்கூட ரத்த அழுத்தம் ஏறியதுமில்லை, இறங்கியதுமில்லை. எல்லாருக்கும் நூற்று இருபதுக்கு எண்பது. நாடித் துடிப்பு எண்பது. நிலைமை: 'சீராக உள்ளது.' லாரியில் அடிபட்டவனுக்கும் அதுதான், பல்வலிக்கு வண்டியைக் கூப்பிட்டவனுக்கும் அதுதான். கால்வாயில் விழுந்து மூன்று நாள் கழித்து மிதந்த ஒருவரைக்கூட 'சீராக உள்ளது' என்று எழுதித்தான் ஒப்படைத்தார். யோசித்துப் பார்த்தால் அதில் பொய் ஒன்றுமில்லை. அந்த மனிதரின் நிலைமை அதற்குமேல் எப்படி மாறும்?

படிவங்களை அவர் காலையிலேயே நிரப்பிவிடுவார். ஒரு பக்கம் ஃபூல் என்கிற அவித்த மொச்சைத் தட்டு, இன்னொரு பக்கம் ரொட்டி, நடுவில் படிவக் கட்டு. வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே பத்துப் படிவங்களில் எண்களை எழுதி வைத்துவிட்டால் மத்தியானம்வரை நிம்மதி. நோயாளி வந்து சேர வேண்டியதுதான் பாக்கி. கையெழுத்து வேறு அப்படி ஓர் அழகு. நிக்காஹ் பதிவு செய்கிற மஅதூன் ஒருமுறை அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டு, தன் எழுத்தை நினைத்து வெட்கப்பட்டதாகச் சொல்வார்கள். சொன்னவர் பயூமிதான்.

இதை வைத்து அவரை மோசமான ஆள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கை வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஓடுகிற வண்டியில் ஆறு பிரசவம் பார்த்தவர். மற்றவர்கள் நாலு இடத்தில் குத்தித் தேடுகிற நரம்பை ஒரே குத்தில் பிடிப்பவர். அவருடைய கொள்கை எளிமையானது: செய்வது நோயாளிக்கு, எழுதுவது அலமாரிக்கு. ஆஸ்பத்திரியில் அவர் கொடுத்த படிவத்தை ஒரு டாக்டர் நாலாக மடித்து, ஆடுகிற மேசையின் காலுக்கு அண்டை கொடுத்ததை அவர் தம் கண்ணாலேயே பார்த்தவர். அன்றையிலிருந்து மேசை ஆடவில்லை. படிவத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அவர் நிரப்ப முடியாமல் விட்ட கட்டம் ஒன்றே ஒன்றுதான். நோயாளி பெண்ணாக இருந்தால், பெயர்.

அது அவர் தப்பில்லை. எங்கள் ஊர் ஆண்பிள்ளைக்கு மனைவி உண்டு, அவளுக்குப் பெயர் கிடையாது. அவள் 'வீட்ல', இல்லாவிட்டால் 'குடும்பம்', அதுவும் இல்லாவிட்டால் மூத்த பையனின் அம்மா. பள்ளிக்கூடத்தில் ஒருவனை அழவைக்க வேண்டுமானால் அடிக்க வேண்டாம், அவன் அம்மாவின் பெயரைக் கண்டுபிடித்து மதில்மேல் ஏறிக் கத்தினால் போதும். அப்படி அழுது வளர்ந்தவன்தான் பெரியவனாகி, ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

"பேஷண்ட் பேரு என்ன?"

"வீட்லதான்."

"அது தெரியுது. பேரு?"

"முஹம்மதோட அம்மா."

"அடையாள அட்டை இருக்கா?"

"அது வீட்ல இருக்கு. நீ டாக்டரா, போலீஸா? வண்டிய எடுய்யா!"

பயூமியும் 'உம்மு முஹம்மத்' என்று எழுதிவிட்டு வண்டியை எடுக்கச் சொல்வார். எங்கள் ஊரில் பாதி வீட்டில் மூத்தவன் முஹம்மத். காகிதம் இருந்தவரை இதனால் யாருக்கும் தொந்தரவில்லை. பிறகு அரசாங்கம் ஆவணங்களை மேம்படுத்த ஆசைப்பட்டது. வண்டிக்கு ஒரு தொடுதிரை 'டேப்' கொடுத்தார்கள். அதில் எழுதுவது நேராக ஆஸ்பத்திரிக் கணினிக்குப் போகும். கணினி பெயரைப் பார்த்து அந்த ஆளின் பழைய ஃபைலைத் திறக்கும். அருமையான ஏற்பாடு. கணினிக்கு எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளைப் பற்றி யாரும் சொல்லி வைக்கவில்லை என்பதுதான் குறை.

அது எல்லா உம்மு முஹம்மதையும் ஒரே ஆளாக எடுத்துக்கொண்டது. அந்த மகராசி ஒரே வருஷத்தில் அறுபத்துமூன்று தடவை ஆம்புலன்ஸ் ஏறினாள். மார்ச் மாதத்தில் மட்டும் நாலு குழந்தை பெற்றாள். இரண்டு தொடை எலும்பையும் இரண்டு வேறு தெருக்களில் உடைத்துக்கொண்டாள். வயது பத்தொன்பதுக்கும் எண்பத்தொன்றுக்கும் நடுவில் ஏறி இறங்கியது. ஆஸ்துமா இருந்தது, சர்க்கரை இருந்தது, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இல்லாமல் போனது. இரண்டு தடவை செத்தாள். இரண்டாவது தடவை செத்த மறுநாள் தேள்கடியோடு வந்தாள்.

மாகாணத் தலைமையகம் சும்மா இருக்குமா? 'ஆம்புலன்ஸ் சேவையைத் தவறாகப் பயன்படுத்தும் மேற்படி பெண்மணியை நேரில் வரவழைத்து எச்சரிக்கவும்' என்று கடிதம் போட்டது. நிலைய அதிகாரி சண்டை வேண்டாமென்று, 'மேற்படி பெண்மணி காலமாகிவிட்டார்' என்று பதில் எழுதினார். 'எந்தத் தடவை?' என்று திருப்பிக் கேட்டு அடுத்த கடிதம் வந்தது.

அதற்கப்புறம்தான் டாக்டர் லமீஸை அனுப்பினார்கள். முப்பது வயதுப் பெண். மூன்று நாள் ஆவண மேம்பாட்டுப் பயிற்சி. பிஸ்கட், தேநீர், கடைசியில் எல்லாருக்கும் சான்றிதழ், குழுப் படம். பாவம், அந்தப் பெண் சொன்னதெல்லாம் உண்மை. அதனாலேயே ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அளக்காததை எழுதாதீங்க. அளக்க முடியலைன்னா, முடியலைன்னு எழுதுங்க. அதுவும் ஒரு தகவல்தான்" என்றார். ஆட்கள் கைதட்டினார்கள். கை தட்டுகிற நேரத்தில் பிஸ்கட் தட்டு வந்தது.

இரண்டாம் நாள் பெயர்க் கட்டத்துக்கு வந்தார். "பேருதான் சாவி. பேரு தப்பா இருந்தா அந்தம்மாவோட ஃபைலே திறக்காது. வேற யாரோ ஒருத்தியோட வியாதிக்கு இவங்களுக்கு வைத்தியம் நடக்கும். பொம்பளைங்களுக்கும் பேரு இருக்குங்க. சொன்னா ஒண்ணும் தேய்ஞ்சு போயிடாது. இதோ, முன்வரிசையில உக்காந்திருக்கீங்களே பயூமி, உங்க மனைவி பேரு என்ன?"

பயூமி எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அல்லாஹ் புண்ணியத்துல நல்லா இருக்காங்க டாக்டர். நீங்க விசாரிச்சதா சொல்றேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கூடமே அதிரச் சிரித்தது. டாக்டர் லமீஸ் பலகைப் பக்கம் திரும்பி எதையோ அழித்தார்.

அந்த வருஷம் பயூமியின் இடது முழங்கால் கையை விரித்துவிட்டது. ஸ்ட்ரெச்சர் தூக்க முடியாது. இருபத்துநாலு வருஷம் உழைத்தவரை எங்கே வைப்பது? கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று, கையெழுத்துக்கு வேலையே இல்லாத டேப் படிவங்களைச் சரிபார்க்கும் மேசையில் உட்காரவைத்தார்கள். பதவிப் பெயர் நீளமானது: நோயாளி பராமரிப்பு ஆவண மேம்பாட்டுப் பொறுப்பாளர். பயூமி அதை அட்டையில் எழுதி மேசைமேல் வைத்தார். அட்டை நீளத்துக்கு மேசை போதவில்லை. நாங்கள் சுருக்கமாக 'ரய்யிஸ்', அதாவது தலைவர், என்று கூப்பிட்டோம்.

பதவி வந்தால் ஆள் மாறிவிடுவான் என்பதை நாங்கள் கண்ணாரக் கண்டது அப்போதுதான். நேற்றுவரை வெங்காயத்தோடு படிவம் நிரப்பியவர் இன்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மற்றக் கட்டங்களை அவர் தொடவில்லை. அங்கே நூற்று இருபதுக்கு எண்பது வழக்கம்போலவே ஓடிக்கொண்டிருந்தது. அவர் வளர்த்துவிட்ட எண்ணாயிற்றே, எப்படிக் கை வைப்பார்? பெயர்க் கட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டார். சொந்தப் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், குடும்பப் பெயர் என்று நாலு பாகமும் இல்லாமல் படிவம் மூடக் கூடாது, மூடாமல் ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கக் கூடாது. ரொம்ப அவசரமென்றால் ஒரு விலக்கு எண் உண்டு. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். வாசலிலிருந்து அவருக்கு ஃபோன் பண்ணிக் கெஞ்ச வேண்டும்.

அவர் சுலபத்தில் கொடுக்க மாட்டார். ஃபோனை ஸ்பீக்கரில் போடுவார், ஆபீஸில் இருக்கிற எல்லாரும் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும் என்று. பிறகு அந்தக் கணவனைக் கூப்பிட்டுப் பாடம் நடத்துவார். ஒருவன் மனைவியின் பெயரைச் சிகரெட் அட்டையில் எழுதி, மடித்து, ஒட்டி, ஓட்டுநரிடம் கொடுத்தான். இன்னொருவன் மச்சானை வரவழைத்துச் சொல்லவைத்தான். தங்கை பெயரைச் சொல்ல மச்சானுக்கு உரிமை உண்டாம். ஒரு மீன்காரர் மட்டும் கடைசிவரை மசியவில்லை. "அவ பேரு உனக்கெதுக்கு? மருந்து பேருக்கா குடுக்கறீங்க, வயித்துக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு தடவை பயூமி விலக்கு எண்ணைக் கொடுத்தார்.

மூன்றே மாதத்தில் எங்கள் நிலையத்தின் பெயர்க் கட்டம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு நிரம்பியது. தலைமையகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. டாக்டர் லமீஸ் நேரில் வந்து குலுக்கக் கையை நீட்டினார். பயூமி அன்னியப் பெண்ணின் கையைத் தொடமாட்டேன் என்று நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார்.

வீட்டிலோ நிலைமை வழக்கம்போல. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அவர் ஃபோனில் மனைவியின் எண் 'வீடு' என்றிருக்கும். கூப்பிடுவது 'உம்மு முஹம்மத்' என்று. கோபம் வந்தால் 'இந்தா'. கூட வேலை பார்ப்பவர்களில் ஒருவருக்கும் அந்த அம்மாவின் பெயர் தெரியாது. கேட்டால் தப்பு என்று நாங்களும் கேட்டதில்லை. பிள்ளைகளை அவர் இரண்டு கட்டளையில் வளர்த்தார். ஒன்று, வெளியாளிடம் அம்மா பெயரைச் சொல்லாதே. இரண்டு, எங்கேயும் என் பெயரைச் சொல்லிச் சலுகை கேட்காதே. மூத்தவன் முஹம்மதுக்கு இருபத்தைந்து வயது, ஃபோன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். சொன்ன சொல் மீறாத பிள்ளை. அதுதான் வினையாகப் போயிற்று.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. மாதாந்திரக் கூட்டம் என்று ஆபீஸில் பதினோரு பேர் கூடியிருந்தார்கள். பயூமி தம் கைப்பேசியை மௌனமாக்கி மேசை இழுப்பறைக்குள் போட்டிருந்தார். அதில் 'வீடு' இரண்டு தடவையும், 'முஹம்மத்' ஐந்து தடவையும் கூப்பிட்டு ஓய்ந்திருந்தது. பதினொன்றே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் மேசை ஃபோன் அடித்தது. ஷவ்க்கத். வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆன ஆம்புலன்ஸ் உதவியாளன். பயூமி ஸ்பீக்கரைத் தட்டினார்.

"ரய்யிஸ், ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறோம். ஒரு அம்மா, நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். மூச்சு ரொம்ப வாங்குது, பேச முடியல, ஆக்ஸிஜன் போட்டிருக்கேன். பேரு கிடைக்கல. விலக்கு எண்ணக் குடுங்க, ஃபாரத்த மூடிட்டு உள்ள ஒப்படைச்சிடறேன்."

"கூட யாரு?"

"மகன். ஆளு நல்லா வளந்து நிக்கறான். பேரக் கேட்டா 'முஹம்மதோட அம்மா'ங்கறான்."

ஆபீஸில் சிரிப்பு. பயூமி கையைத் தூக்கி அமர்த்தினார். "அட்டை?"

"அப்பாகிட்ட இருக்காம்."

"எப்பவும் அப்பாகிட்டதான் இருக்கும். அப்பன் எங்க?"

"நம்ம ஆபீஸ்லதான் வேல பாக்கறாராம். யாருய்யான்னா அந்தப் பேரையும் சொல்ல மாட்டேங்கறான். இந்த ஊர்ல யாரக் கேட்டாலும் நம்ம ஆபீஸ்ல சொந்தக்காரங்க இருக்காங்க ரய்யிஸ். போன வாரம் மூணு பேரு டைரக்டருக்கு மச்சான்னு சொன்னாங்க. உம்மு முஹம்மத்னு போட்டுப் பாத்தேன், ஒரு ஃபைல் திறக்குது, ஆஸ்துமான்னு வருது. டாக்டரும் வாசலுக்கே வந்து அதப் பாத்துட்டு மருந்துப் புகை குடுத்து சலைன் ஏத்தச் சொல்லிட்டாரு. நர்ஸம்மா பாட்டிலத் தொங்கவிட்டாச்சு. எண்ண மட்டும் சொல்லுங்க."

அந்த எண்ணைச் சொல்ல மூன்று நொடி ஆகியிருக்கும். பயூமி நாற்காலியில் சாய்ந்தார். பதினோரு பேர் இருக்கிறார்கள், நல்ல பாடம்.

"அந்தப் பையன் கேக்கற மாதிரி உன் ஃபோனையும் ஸ்பீக்கர்ல போடு" என்றார். "தம்பி, நல்லாக் கேளு. உங்கம்மா பேரு ராணுவ ரகசியமில்ல. அவங்க மூச்சுக்குத் தவிக்கறாங்க, நீ பேரப் பூட்டி வச்சுக்கிட்டு மானத்தக் காப்பாத்தறியா? உன்ன எந்தக் கழுதைடா பெத்து வளத்தான்?"

ஆபீஸ் மேசையைத் தட்டிச் சிரித்தது. பிறகு ஸ்பீக்கரில் ஒரு குரல், மெதுவாக:

"பாபா?"

சிரிப்பு ஒவ்வொரு ஆளாக நின்றது.

"பாபா, நான்தான். அம்மா காலையில எழுந்திரிக்கும்போதே முடியலன்னாங்க. உங்களுக்கு அஞ்சு தடவ அடிச்சேன்... நீங்கதானே சொல்லியிருக்கீங்க, வெளியாள்கிட்ட சொல்லக் கூடாதுன்னு. இப்ப சொல்லட்டுமா பாபா?"

சரி என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் தேவை. பயூமி வாயைத் திறந்தார். சுற்றிலும் பதினோரு பேர். தேநீர் கொண்டுவந்தவர் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஷவ்க்கத், உன் ஸ்பீக்கர அணை" என்றார்.

"அணைச்சா அவனுக்குக் கேக்காதே ரய்யிஸ்."

"அப்ப இரு, நான் அணைக்கறேன்." மேசை ஃபோனில் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினார். சத்தம் இன்னும் கூடியது. இன்னொன்றை அமுக்கினார். இருபது தடவைக்குக் குறையாமல் தட்டிய பொத்தான்; அந்த நேரத்தில் விரலுக்குத் தட்டுப்படவில்லை.

"பாபா, சொல்லட்டுமா?"

"இரு, இரு... நான் எழுதி அனுப்பறேன். மெஸேஜ்ல." இழுப்பறையைத் திறந்து கைப்பேசியை எடுத்தார். சட்டைப் பையைத் தடவினார். ரேஷன் பதிவுக்கென்று போன வாரம் எடுத்துவைத்த மனைவியின் அட்டை அங்கேயே இருந்தது. அதை எடுத்தார். எழுத்துகள் கண்ணுக்கு மங்கின. கண்ணாடி எங்கே?

அப்போது ஸ்பீக்கரில் அது கேட்டது. ஈரத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு மூச்சு. நிற்கிறது. மறுபடி ஒன்று. இருபத்தாறு வருஷம் பக்கத்தில் படுத்த மனிதனுக்கு அது யாருடைய மூச்சு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருபத்துநாலு வருஷம் வண்டியில் போன மனிதனுக்கு அது ஆஸ்துமா இல்லை என்பதையும் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"இன்ஷிராஹ்!" என்று கத்தினார். "எழுதுடா! இன்ஷிராஹ்! இன்ஷிராஹ் ரஜப் தஸூக்கி ஹப்பாக்! எழுதினியா? அது ஆஸ்துமா இல்ல, நுரையீரல்ல தண்ணி, சலைன நிறுத்தச் சொல்லு, இன்ஷிராஹ் ரஜப்..."

பக்கத்துக் கட்டடத்துத் தபால் அலுவலகத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள் என்கிறார்கள்.

ஷவ்க்கத் தட்டுகிற சத்தம். பிறகு அவன் குரல் மாறியது. "ஃபைல் திறக்குது ரய்யிஸ். வேற ஃபைல். சிவப்புல இருக்கு... இதய வால்வு சுருக்கம். ரெண்டு வருஷமா இங்கயே இதயப் பிரிவுல பாத்துட்டிருக்காங்க. சலைன் ஏத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"யாருக்கு?" என்றார் பயூமி.

"உங்க... இன்ஷிராஹ் அம்மாவுக்கு." அதற்குள் அவன் ஃபோனை விட்டுவிட்டு, "நர்ஸம்மா! நிறுத்துங்க! நர்ஸம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது.

பயூமிக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வருஷம். மாதம் ஒரு தடவை அவள் மினிபஸ் ஏறிப் போனாள். அக்கா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போவாள், வரும்போது கொய்யாப்பழம் வாங்கி வருவாள். மாடி ஏறினால் நடுவில் நிற்பாள். எடை கூடிவிட்டது என்று அவர் கிண்டல் செய்வார், அவளும் சிரிப்பாள். ஊரில் யாருக்கு எந்தக் கட்டம் காலி என்று தெரிந்து வைத்திருந்த மனிதர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை டுக்டுக்கில் போனபோது வழியெல்லாம் அழுதார். ஓட்டுநர் யாராவது மவுத்தா என்று கேட்டார்.

சலைன் ஓட்டத்தை நிறுத்தி, தண்ணீரை வெளியேற்றும் ஊசி போட்டு, சாயங்காலத்துக்குள் அவள் மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்னும் பத்து நிமிஷம் அந்தப் பாட்டில் ஓடியிருந்தால் தங்களால் ஒன்றும் பண்ணியிருக்க முடியாது என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மூன்றாம் நாள் அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பயூமி பார்வையாளர் நேரத்தில் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இதயத்துல இப்படி இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்க ஒரு வார்த்த கேட்டீங்களா அபு முஹம்மத்?" என்றாள். கரண்டியை நிறுத்தாமல்தான் சொன்னாள். "ஊர்ல பொணத்தக்கூட 'சீராக உள்ளது'ன்னு எழுதற மனுஷன். உங்ககிட்ட சொன்னா நீங்களும் அதத்தான் சொல்லியிருப்பீங்க. அங்க அந்த இதயப் பிரிவு டாக்டரம்மா பேரு சொல்லிக் கூப்பிட்டு, கையப் பிடிச்சு நாடி பாப்பாங்க. அதுக்காகவே மாசா மாசம் போனேன்."

பயூமி ஸ்டூலின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தபாலாபீஸ் வரைக்கும் கேக்கற மாதிரி கத்தினீங்களாமே. அந்த ஷவ்க்கத் தம்பி வந்து சொல்லிச்சு. கத்தறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் யோசிச்சீங்களாம், அதையும் சொல்லிச்சு."

அவருக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. தயிர்க் கிண்ணத்தை வாங்கிக் கழுவி வைத்தார். கழுவியதையே இன்னொரு தடவை கழுவினார்.

மறுநாள் வேலைக்கு வந்தபோது யாரும் எதுவும் பேசவில்லை. எங்கள் ஊரில் அது பெரிய மரியாதை. திரையில் ஒரே ஒரு படிவம் மஞ்சளாக நின்றிருந்தது. ஷவ்க்கத் முழுதாக நிரப்பியிருந்தான். ரத்த அழுத்தம்: தொண்ணூறுக்கு ஐம்பது. நாடி: நூற்று முப்பத்தெட்டு, ஒழுங்கில்லை. நிலைமை: கவலைக்கிடம். எல்லாம் அளந்த எண்கள். அவருடைய பழைய எண் எதுவும் அதில் இல்லை. நோயாளி பெயர்: நாலு பாகமும் சரி.

கீழே கணினி தானாகவே குறித்துக்கொண்ட நேரம் இருந்தது. பொறுப்பாளரிடம் பெயர் கேட்டது 11:42:10. பெயர் கிடைத்தது 11:43:02. ஐம்பத்திரண்டு நொடி. அரை நிமிஷத்துக்குமேல் போனால் பொறுப்பாளர் காரணம் எழுதாமல் படிவம் மூடாது. அது அவரே கேட்டு வாங்கிச் சேர்த்த விதி. கட்டத்தின் அருகில் தயாராகச் சில பதில்கள் இருந்தன: போக்குவரத்து நெரிசல், கருவிக் கோளாறு, தொடர்பு துண்டிப்பு. எதைத் தொட்டாலும் படிவம் மூடிவிடும். யாரும் படிக்கப் போவதுமில்லை.

பயூமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தட்டினார்: 'கணவன்.'

'விளக்கம் போதவில்லை' என்றது கணினி.

ஐம்பத்திரண்டு நொடிக்குமேலேயே உட்கார்ந்திருந்தார். அந்தப் பதினோரு பேரில் நாலைந்து பேர் அன்றைக்கும் அறையில்தான் இருந்தார்கள். பிறகு மறுபடி தட்டினார்: 'கணவனுக்குத் தன் மனைவியின் பெயரை நாலு பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. அதுவரை அவள் காத்திருந்தாள்.'

கணினி ஏற்றுக்கொண்டது. படிவம் பச்சையாகி, முழுமை நூற்றுக்கு நூறு என்று காட்டியது.